வீடு பெயராமல் நான்கு தொகுதிகள்

எங்கள் சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கற் பேணி இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மத்திய அரசுத் தேர்தலுக்கும் தபாலில் வந்த வாக்காளர் தகவல் அட்டைகளை அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன். 2025 ஏப்ரல் தேர்தலுக்கு வந்த அட்டையையும் அதில் வைக்கப் போனபோதுதான், எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வரிசைப்படுத்திப் பார்த்தேன். அட்டைகளில் என் பெயர் ஒன்றுதான், முகவரியும் ஒன்றுதான். தொகுதியின் பெயர் மட்டும் நான்கு. ஸ்காபரோ ஈஸ்ற், பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ற், ஸ்காபரோ–ரூஜ் பார்க், ஸ்காபரோ–கில்ட்வூட்–ரூஜ் பார்க். ரொறன்ரோ மாநகரின் தென்கிழக்கு மூலையில், ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகே, போர்ட் யூனியன் என்று சொல்லப்படும் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அதை விட்டுப் பெயரவில்லை. எங்களைச் சுற்றி வரையப்பட்ட கோடுதான் மூன்று தடவை பெயர்ந்தது.

கனடாவில் தொகுதியை ‘ரைடிங்’ என்பார்கள். எங்கள் ஆட்களும் பேச்சில் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். குதிரைச் சவாரிக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கந்தினேவியர்கள் ஒரு மாவட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைக் குறிக்க வழங்கிய சொல் தேய்ந்து இப்படி ஆயிற்று. ஒட்டாவாவில் மக்கள் சபைக்குள் ஓர் உறுப்பினரை அவருடைய சொந்தப் பெயரால் அழைக்கும் வழக்கம் இல்லை. இன்ன தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர் என்றுதான் சபாநாயகரும் மற்றவர்களும் விளிக்க வேண்டும். ஆகவே தொகுதியின் பெயர் மாறினால், சபைக்குள் அந்த மனிதரின் பெயரே மாறிவிடுகிறது. வரைபடத்தில் ஒரு கோடு நகர்வதற்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை நான் கனடாவில் கற்றுக்கொள்ளவில்லை. அதை ஊரிலேயே அறிந்திருந்தேன்.

நான் பிறந்தது கிளிநொச்சிப் பக்கம். 1960 மார்ச் தேர்தல் முதல் கிளிநொச்சி தனித் தொகுதியாக இருந்தது. 1970இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பிலும், 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பிலும் அங்கே வென்றவர் வீ. ஆனந்தசங்கரி. எழுபத்தேழில் கூட்டணியின் சின்னமான உதயசூரியனுக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்ததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தொகுதியிலிருந்து ஒருவரை நேரடியாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப அவருக்குக் கிடைத்த கடைசிப் பொதுத்தேர்தல் அதுவாகிவிட்டது. அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளை 1982 டிசெம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பின் மூலம் நீட்டினார்கள். பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற ஆறாவது திருத்தம் 1983 ஓகஸ்டில் வந்தது. அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்து அவைக்குப் போகாதிருந்த கூட்டணி உறுப்பினர்கள் ஒக்ரோபரில் ஆசனங்களை இழந்தார்கள். அடுத்த பொதுத்தேர்தல் 1989இல் நடந்தபோது விகிதாசார முறை வந்து, கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் ஒரு வாக்களிப்புப் பிரிவாக அடங்கிப்போயிற்று. அங்கே ஆசனங்களைப் பதிவு செய்த வாக்காளர் தொகையைக் கொண்டு பகிர்கிறார்கள். போரும் புலம்பெயர்வும் ஊரை வெறுமையாக்க ஆக்க, யாழ் மாவட்டத்தின் ஆசனங்கள் 2010இல் 9 ஆகவும், 2015இல் 7 ஆகவும், 2024இல் 6 ஆகவும் சுருங்கின. ஊரை விட்டு வந்த ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் ஒரு கழித்தல். நானும் அதில் ஒருவன்.

அந்தக் கழித்தலுக்கு இங்கே ஒரு கூட்டல் இருந்தது. 1991இல் நாங்கள் வந்து இறங்கியது, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் வடகிழக்கில் உள்ள மால்வேர்னில். அது ஸ்காபரோ–ரூஜ் றிவர் என்ற தொகுதிக்குள் இருந்தது. 1987இல் உருவாக்கப்பட்டு 1988 தேர்தலில் முதன்முதலாகக் களம் கண்ட தொகுதி அது. வடக்கே ஸ்ரீல்ஸ் அவெனியூ, தெற்கே பெருமளவுக்கு 401 நெடுஞ்சாலை, கிழக்கே ரூஜ் பள்ளத்தாக்கு என்று மனத்தில் வரைந்துகொண்டால் போதும். அந்தக் கோட்டைப் போட்டவர்கள் எங்களை நினைத்துப் போட்டிருக்க முடியாது. எங்களில் பெரும்பாலானோர் அப்போது வந்து சேரவேயில்லை. ஆனால் வாடகை தாங்கக்கூடிய அடுக்குமாடிகளும், பேருந்தில் போய்வரக்கூடிய தொழிற்சாலைகளும், முதலில் வந்தவர்களின் தொலைபேசி இலக்கங்களும் சேர்ந்து எங்களை அந்தக் கோட்டுக்குள் கொண்டுவந்து குவித்தன. கரீபியன் மக்கள், சீனர், தென்னாசியர், பிலிப்பினோக்கள் ஆகியோரோடு நாங்களும் சேர்ந்து, நாட்டிலேயே வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுதியாக வாழும் தொகுதிகளில் ஒன்றாக அது வளர்ந்தது.

முதல் தேர்தலிலிருந்து 2011 வரை, தொடர்ந்து ஏழு வெற்றிகளோடு அதைப் பிரதிநிதித்துவப்படுத்தியவர் லிபரல் கட்சியின் டெரெக் லீ என்ற வழக்கறிஞர். எங்கள் ஆட்களுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் என்றால் முதலில் அவருடைய அலுவலகம்தான். மனைவியைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் இரண்டு வருடமாகக் கிடப்பில் இருந்தாலும், ஊரில் இருக்கும் தாய்க்கு விசா மறுக்கப்பட்டாலும், ‘எம்.பி. ஒஃபிசுக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ’ என்பதுதான் அறிவுரை. கோப்பு இலக்கத்தை எழுதிய கடதாசியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலம் தெரிந்த பிள்ளையொன்றை மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அங்கே காத்திருந்தவர்கள், அவர் ஒட்டாவாவில் என்ன பேசினார் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பின்னர் வாசித்துத்தான் அறிந்தேன்: சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கப் பாராளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் அவர். ஆப்கானிஸ்தான் கைதிகள் தொடர்பான ஆவணங்களை அரசு சபைக்குத் தர மறுத்தபோது சிறப்புரிமைப் பிரச்சினையை எழுப்பிய உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ஆவணங்களைக் கேட்க சபைக்கு உரிமை உண்டு என்று 2010 ஏப்ரல் 27இல் சபாநாயகர் பீற்றர் மில்லிக்கன் வழங்கிய தீர்ப்பு, கனடாவின் பாராளுமன்ற வரலாற்றில் முக்கியமான ஒன்று. எங்கள் ஆட்களுக்கு விசாக் கடிதம் எழுதிக் கொடுத்த அலுவலகத்தின் மனிதர்தான் அதற்கும் காரணமானவர்களில் ஒருவர் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

நான் கனடாவில் போட்ட முதல் வாக்கு, 1997 ஜூனில், அந்தத் தொகுதியில் போட்டது. 2000இல் நாங்கள் போர்ட் யூனியனில் வீடு வாங்கினோம். அம்மாவும் அப்பாவும் மால்வேர்ன் அடுக்குமாடியிலேயே இருந்துவிட்டார்கள். காரில் பத்துப் பதினைந்து நிமிடத் தூரம். நான் அடிக்கடி அங்கே போய்வருவேன்; மரக்கறியும் மீனும் வாங்குவது, முடி வெட்டுவது, கோயில், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் வாக்கு என்று வரும்போது நான் ஸ்காபரோ ஈஸ்ற் வாசி. அங்கே உறுப்பினராக இருந்தவர் ஜோன் மக்கே. 2004 தேர்தலுக்கு முன்னர் கோடு மறுபடி வரையப்பட்டபோது அவர் பக்கத்தில் புதிதாய்ப் பிறந்த ஸ்காபரோ–கில்ட்வூட்டுக்குப் போனார். 2025இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். எங்கள் மூலை பிக்கரிங்கோடு ஒட்டவைக்கப்பட்டது.

இந்த ஒட்டலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ரூஜ் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். ஏரிக்கரை நடைபாதை அங்கே ஒரு பாலத்தின் மேல் ஏறி மறுகரையில் இறங்குகிறது. இந்தக் கரை ரொறன்ரோ மாநகரம், அந்தக் கரை டர்ஹம் பிராந்தியத்தின் பிக்கரிங் நகரம். குப்பை அள்ளுபவர் வேறு, பொலிஸ் வேறு, பாடசாலைச் சபை வேறு, பேருந்து வேறு. மாலையில் அந்தப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கு இது எதுவும் பொருட்டல்ல. ஆனால் 2004 முதல் 2015 வரை இரண்டு கரையும் சேர்ந்து பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ற் என்ற ஒரே தொகுதி. 2011 வரை அதன் உறுப்பினர் டான் மக்ரீக், பிக்கரிங் பக்கத்து ஆள். நாளைக்குப் பெற்றோல் விலை என்னவாகும் என்று முன்கூட்டியே சொல்வதில் நாடு முழுக்கப் பெயர் பெற்றவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஏழு வருடமும் எங்கள் தொகுதியின் பேச்சு நகர எல்லைக்கு அப்பாலிருந்து வருவதாகவே எனக்குப் பட்டது. வீட்டுக்குள் வந்து விழும் துண்டுப்பிரசுரங்களில் பிக்கரிங் அணுமின் நிலையம் இருக்கும், டர்ஹமின் வளர்ச்சி இருக்கும். ஸ்காபரோவின் பேருந்து நெரிசலைத் தேட வேண்டியிருக்கும்.

பிறகு 2011 வந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு கோடு என்ன செய்யும் என்பதை என் உடம்பால் உணர்ந்த தேர்தல் அது.

முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு ஆண்டுகள் நிறையவில்லை. 2009 மே 10 அன்று ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்று போராடியவர்களில் பாதிப்பேர் என் அயலவர்கள் என்று சொன்னால் அது மிகையல்ல. அந்த ஆண்டு ஒக்ரோபரில் ஓஷன் லேடி என்ற கப்பல் 76 தமிழ் அகதிகளுடனும், 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பல் 492 பேருடனும் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தன. அந்தக் கப்பல்களின் பெயரைச் சொல்லி எங்கள் மக்களைக் கள்ளர்போலக் காட்டிய விளம்பரங்கள் தொலைக்காட்சியில் ஓடின. அந்த நேரத்தில் டெரெக் லீ ஓய்வு பெற, ஸ்காபரோ–ரூஜ் றிவரில் புதிய சனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்றார் ராதிகா சிற்சபைஈசன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் கனடாவுக்கு வந்த இருபத்தொன்பது வயதுப் பெண். லிபரல் கோட்டை என்று எழுதி வைக்கப்பட்ட தொகுதி அது. வெல்லுவார் என்று தொடக்கத்தில் நம்பியவர்கள் குறைவு.

வேலை முடிந்து நான் நேரே மால்வேர்னுக்குப் போய்விடுவேன். அந்த வசந்தம் குளிர் விட்டு விலகாத வசந்தம். அடுக்குமாடிகளின் மேல்மாடியிலிருந்து தொடங்கி, கதவு கதவாகத் தட்டிக்கொண்டு கீழே இறங்குவோம். கதவு திறந்ததும் வரும் கறி வாசத்திலேயே எந்த மொழியில் பேசத் தொடங்குவது என்று தெரிந்துவிடும். வயதானவர்களுக்கு வாக்குச்சீட்டைக் காட்டிக் கொடுப்பதுதான் பெரிய வேலை. கனடாவின் வாக்குச்சீட்டில் கறுப்புப் பின்னணியில் பெயர்கள் வெள்ளையாக இருக்கும். பெயருக்கு நேரே ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். அங்கே கட்டியிருக்கும் பென்சிலால் அதற்குள் புள்ளடி போட வேண்டும். சின்னம் இல்லை, சூரியனும் இல்லை, வீடும் இல்லை. குடும்பப் பெயரின் அகரவரிசையில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கும். ‘மேல தேடாதேங்கோ அம்மா, கீழ பாருங்கோ, நீளமான பெயர் ஒண்டு இருக்கும், அது எங்கட பிள்ளை’ என்று ஒரு தோழி சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தார். அந்த நீளமான பெயரை ஒரு மூதாட்டி தன் விரலால் துண்டுப்பிரசுரத்தில் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. ஊரில் சின்னத்தைப் பார்த்தே வாக்குப் போட்டவர் அவர். இங்கே ஒரு பெயரின் நீளத்தைச் சின்னமாக்கிக்கொண்டார்.

மே 2 இரவு மூன்று கட்சிகளுக்கிடையில் வாக்குப் பிரிந்தது. பத்தில் நான்கு வாக்குகளை ஒட்டிப் பெற்று ராதிகா வென்றார். கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் ஈழத்தமிழர் அவர். நாடு முழுவதிலும் கட்சித் தலைவர் ஜக் லேட்டனின் செம்மஞ்சள் அலை 103 ஆசனங்களைக் கொண்டுவந்து புதிய சனநாயகக் கட்சியை முதன்முறையாக எதிர்க்கட்சி ஆக்கியது. எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அந்த வெற்றியில் என் வாக்கு ஒன்றுகூட இல்லை. என் வாக்கு பத்து நிமிடத் தூரத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ற் பெட்டியில் கிடந்தது. அங்கே கொன்சர்வேற்றிவ் கட்சியின் கோர்னெலியு கீசு, ருமேனியாவில் பிறந்து கனடிய இராணுவத்தில் பொறியியலாளராகப் பணியாற்றியவர், ஆயிரத்துச் சொச்ச வாக்குகளால் மக்ரீக்கைத் தோற்கடித்திருந்தார். மூன்று வாரம் ஒரு தொகுதிக்காக நடந்துவிட்டு, இன்னொரு தொகுதியில் வாக்குப் போட்டவன் நான். அப்பா மால்வேர்னில் வாக்களித்தார். 1977க்குப் பிறகு, தன் தொகுதியின் பெயரைச் சொல்லித் தன் மொழி பேசும் ஒருவரை அவர் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது அப்போதுதான்.

இந்தக் கோடுகளை யார் வரைகிறார்கள் என்று நான் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பத்தாண்டுக்கொரு குடிசன மதிப்பீட்டுக்குப் பின் ஆசனங்களை மீளக் கணக்கிட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே உள்ளது. 181 ஆசனங்களோடு தொடங்கிய சபையில் இன்று 343 ஆசனங்கள். நீண்டகாலம் கோட்டை வரைந்தது பாராளுமன்றமேதான். அதாவது ஆளும் கட்சிதான். 1882இல் ஜோன் ஏ. மக்டொனால்டின் அரசு எதிர்க்கட்சியின் வாக்குகளை ஒருசில தொகுதிகளுக்குள் அடைத்துவிடும் வகையில் ஒன்ராறியோவை வெட்டியது இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. 1964இல் வந்த சட்டம் அந்தக் கத்தியை அரசியல்வாதிகளின் கையிலிருந்து எடுத்தது. இப்போது மாகாணத்துக்கொரு மூவர் ஆணைக்குழு. தலைவர் பெரும்பாலும் ஒரு நீதிபதி, மாகாணப் பிரதம நீதியரசரால் நியமிக்கப்படுபவர். மற்ற இருவரை மக்கள் சபையின் சபாநாயகர் நியமிக்கிறார். மாகாணத்தின் மக்கள்தொகையை ஆசனங்களால் வகுத்து வரும் எண்ணுக்கு இயன்றவரை கிட்டவாக ஒவ்வொரு தொகுதியும் இருக்க வேண்டும்; அசாதாரணமான நிலை இருந்தாலன்றி 25 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அந்த எல்லைக்குள், நலன்களாலோ அடையாளத்தாலோ ஒன்றுபட்ட சமூகங்களையும், தொகுதியின் பழைய வடிவத்தையும், நிலப்பரப்பையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். நேர்மையான சட்டம் என்றே இதை நான் கருதுகிறேன். ஊரில் நாங்கள் பார்த்த எல்லை நிர்ணயங்களை நினைக்கும்போது, நேர்மை என்ற சொல்லை நான் எளிதில் எழுதுவதில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

ஆனால் நேர்மையான கோடும் வெட்டும். 2011இல் இயற்றிய சட்டம் நாட்டுக்கு 30 ஆசனங்களைக் கூட்டியது. அதில் 15 ஒன்ராறியோவுக்கு. மாகாணத்தின் ஆசனங்கள் 106இலிருந்து 121 ஆயின. ஒரு தொகுதிக்கான சராசரி 106,213 பேர். ஸ்காபரோ–ரூஜ் றிவர் அதைத் தாண்டி வீங்கியிருந்தது. ஆகவே 2013இல் இறுதியான வரைபடத்தில் அந்தப் பெயரே இல்லை. மேற்குப் பக்கம் ஸ்காபரோ நோர்த் ஆயிற்று. கிழக்குப் பக்கம், எங்கள் போர்ட் யூனியன் மூலையையும் கில்ட்வூட்டிலிருந்து ஒரு துண்டையும் சேர்த்துக்கொண்டு, ஸ்காபரோ–ரூஜ் பார்க் ஆயிற்று. பிக்கரிங் பிக்கரிங்கோடு போயிற்று; நாங்கள் ஸ்காபரோவுக்குத் திரும்பினோம். எனக்கு அது நன்மைதான். ஆனால் மால்வேர்ன் இரண்டாகப் பிளந்தது. அம்மாவின் அடுக்குமாடி கிழக்கே விழுந்தது. ஒரு தெருவுக்கு அங்கால், இருபது வருடமாக அம்மாவோடு ஒன்றாகக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்த மாமி மேற்கே விழுந்தார்.

“ரண்டு பேரும் ஒரே பஸ்ஸிலதானே ஏறுறம், பிறகென்ன வேற தொகுதி?” என்று மாமி கேட்டார். அதற்கு என்னிடம் எண்கள்தான் இருந்தன, மறுமொழி இல்லை.

ஒரு சமூகம் ஒரு தொகுதியைப் பயன்படுத்தப் பழக ஒரு தலைமுறை எடுக்கிறது. குடியுரிமை எடுக்க வேண்டும், கட்சியில் சேர வேண்டும், வேட்பாளர் தெரிவுக் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், தோற்க வேண்டும், மறுபடி போக வேண்டும். நாங்கள் அந்தப் பாடத்தைப் படித்து முடித்த அதே நேரத்தில் பலகையை மாற்றிவிட்டார்கள் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. 2015 ஒக்ரோபரில் ராதிகா ஸ்காபரோ நோர்த்தில் நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார். லிபரல் கட்சியின் ஷோன் சென் வென்றார், இன்றும் அவரே உறுப்பினர். லிபரல் காற்று அப்படி வீசிய ஆண்டில், தொகுதி பிளவுபடாமல் இருந்திருந்தாலும் ராதிகா தோற்றிருக்கக் கூடும். அதை மறுக்க முடியாது. ஆனாலும் நான்கு ஆண்டுகள் சபையில் ‘ஸ்காபரோ–ரூஜ் றிவர் உறுப்பினர்’ என்று அழைக்கப்பட்டவர், அந்தப் பெயரைச் சொல்லி மறுபடி வாக்குக் கேட்க வழியில்லாமல் போனது என்னை இன்றும் உறுத்துகிறது. ரூஜ் பள்ளத்தாக்கைத் தேசிய நகரப் பூங்காவாக்கும் விவாதங்களில் அவர் நின்று பேசினார். பூங்காவுக்கான சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது; பூங்காவின் பெயரைத் தாங்கிய தொகுதியோ வேறொருவருக்குப் போயிற்று.

அந்த வேறொருவர் கெரி ஆனந்தசங்கரி. கிளிநொச்சி வீ. ஆனந்தசங்கரியின் மகன், சிறுவனாக 1983இல் கனடாவுக்கு வந்து வழக்கறிஞரானவர். 1983இல் தந்தை இலங்கைப் பாராளுமன்றத்தில் கிளிநொச்சி ஆசனத்தை இழந்தார். 2015இல் மகன் ஒட்டாவாவில் ரூஜ் பார்க் ஆசனத்தைப் பெற்றார். அப்பா அப்போது நோயாளி. வாக்குச்சாவடிக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். சீட்டை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பெயரை வாசித்தார். “தேப்பனுக்கும் போட்டன், மகனுக்கும் போடுறன்” என்றார், வாக்குச்சாவடி அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் சத்தமாகவே. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அம்மா எங்களோடு வந்துவிட்டார். அப்பாவின் அந்த அட்டையும் பேணிக்குள் இருக்கிறது.

அந்த ஆசனத்திலிருந்து நடந்தவற்றில் இரண்டை மட்டும் குறிப்பிட வேண்டும். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்க வேண்டும் என்று ராதிகா தொடங்கிவைத்த முயற்சி, கெரி கொண்டுவந்த பிரேரணையாக 2016 ஒக்ரோபர் 5இல் ஏகமனதாக நிறைவேறியது. மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்கும் பிரேரணை 2022 மே 18இல் ஏகமனதாக நிறைவேறியது. அதையும் கொண்டுவந்தவர் அவரே. கட்சி வேறு, தொகுதிப் பெயர் வேறு, ஆனால் நிலத்தில் ஒரு பகுதி ஒன்றே. பின்னர் அவர் 2023இல் பூர்வகுடி உறவுகள் அமைச்சராகவும், 2025இல் முதலில் நீதி அமைச்சராகவும் பின் பொதுப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். அமைச்சர் ஆனபின் தொகுதி மக்களுக்குக் கிட்டும் நேரம் குறைந்துவிட்டது என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறையில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

2021 குடிசன மதிப்பீட்டுக்குப் பின் கத்தி மறுபடி வந்தது. ஒன்ராறியோவுக்கு 122 ஆசனங்கள், சராசரி 116,590. ஸ்காபரோவின் மக்கள்தொகை சுமார் 6 இலட்சத்து 30 ஆயிரம். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 5.4 வரும். இருந்தவை ஆறு தொகுதிகள். 2022 ஓகஸ்டில் வெளியான முதல் முன்மொழிவில் ஸ்காபரோ ஒன்றை இழந்தது. இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. பகிரங்க அமர்வில் பேசப் பெயர் கொடுத்தேன். இணையவழியில், என் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, கோட் சட்டையும் அணிந்துகொண்டு, எழுதி வைத்ததை நடுக்கத்தோடு வாசித்தேன். இனத்தின் பெயரைச் சொல்லி நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பேருந்தில் ஏறி எந்தக் கடைக்குப் போகிறோம், எந்தப் பாடசாலையில் எங்கள் பிள்ளைகள் வார இறுதியில் தமிழ் படிக்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரியை நம்பியிருக்கிறோம் என்பதைத்தான் சொன்னேன். மாமியின் கேள்வியையும் சொன்னேன். கேட்டவர்கள் பொறுமையாகக் கேட்டு, ஒரு தெருவின் பெயரைத் திருப்பிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். என்னைப் போல நூற்றுக்கணக்கானோர் மாகாணம் முழுவதும் பேசினார்கள். முடிவில் ரொறன்ரோ 25இலிருந்து 24 ஆகவே குறைந்தது. ஆனால் தனித் தொகுதியாக இல்லாமற் போனது டொன் வாலி ஈஸ்ற். அதன் ஒரு பகுதி ஸ்காபரோ சென்ரரோடு சேர்ந்தது. ஸ்காபரோ–வோபர்ன் என்று ஒரு புதுப் பெயர் பிறந்தது. எங்கள் பெயரில் கில்ட்வூட் வந்து நடுவில் உட்கார்ந்தது. நான் சொன்னதால் எதுவும் மாறியது என்று உரிமை கோரமாட்டேன். ஆனால் அந்த அமர்வில் எங்கள் பக்கத்திலிருந்து பேசியவர்கள் மிகக் குறைவு. தேர்தல் நாளில் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி இறங்கும் நாம், கோடு வரையும் நாளில் வீட்டில் இருந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடாவில் வகுத்தலுக்கு எடுப்பது வாக்காளர் தொகையை அல்ல, மக்கள்தொகையை. குடியுரிமை இல்லாதவரும், அகதிக் கோரிக்கையின் தீர்ப்புக்குக் காத்திருப்பவரும், தொட்டில் குழந்தையும் ஒரு தலையாக எண்ணப்படுகிறார்கள். நேற்று வந்து மால்வேர்ன் நிலவறையில் வாடகைக்கு இருக்கும் பொடியனுக்கு வாக்கு இல்லை. ஆனால் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் அவன் பெயர் எழுதப்பட்டால், அவன் இந்த ஆசனத்தின் ஒரு பங்கு. வீட்டுக்காரர் பயந்து, நிலவறையில் ஆள் இருப்பதைப் படிவத்தில் எழுதாமல் விட்டால், அந்த அளவுக்கு நாங்கள் எல்லோரும் குறைகிறோம். 2021இல் எத்தனை வீடுகளில் அப்படி விடுபட்டது என்று எனக்குத் தெரிந்த வட்டத்தை மட்டும் நினைத்தாலே மனம் கனக்கிறது.

2025 ஏப்ரல் 28 அன்று என் மகன் முதல் தடவையாக வாக்குப் போட்டான். அம்மாவும் நாங்களும் ஒன்றாகப் போனோம். அம்மா தன் அட்டையை என்னிடம் நீட்டி, “பேந்தும் மாத்திப் போட்டாங்களோ தம்பி?” என்றார். கில்ட்வூட் சேர்ந்திருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். ஆனால் மாகாணசபைக்கு ஒன்ராறியோ புது வரைபடத்தை ஏற்கவில்லை. பழைய கோடே தொடர்கிறது. அங்கே ஸ்காபரோ–ரூஜ் பார்க் உறுப்பினர் விஜய் தணிகாசலம், 2018 முதல். மாநகரசபையில் 2018இல் வட்டாரங்களை மத்திய அரசுத் தொகுதிகளின் எல்லையோடு பொருத்தி 25 ஆக்கினார்கள். அந்த எல்லைகளும் அப்படியே நிற்கின்றன. எங்கள் 25ஆம் வட்டாரத்தின் உறுப்பினராக இருந்த ஜெனிபர் மக்கெல்வி அதே ஏப்ரலில் ஏஜக்ஸ் தொகுதியில் வென்று ஒட்டாவாவுக்குப் போய்விட, செப்ரெம்பர் இடைத்தேர்தலில் நீதன் சண் வென்றார்.

மூன்று உறுப்பினர்களின் அலுவலகத் தொலைபேசி இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்: பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் மேலே உள்ளவர், ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் நடுவில் உள்ளவர், பனி அள்ளுவதற்கும் குப்பைக்கும் கீழே உள்ளவர். மூவருமே தமிழில் பேசக்கூடியவர்கள் என்பதால் அம்மா தானே அழைப்பார். மாநகரசபைத் தேர்தல் 2026 ஒக்ரோபரில். அதற்கு வரும் அட்டையில் மறுபடியும் ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்று இருக்கும். பேணியில் இடம் இருக்கிறது.